பத்து நிமிடப் பழசு பரவாயில்லையா? ஃபைல் கேச்சுக்கு ஓர் அறிமுகம்

ஆடி பிறந்துவிட்டால் தருமபுரிப் பக்கம் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: "ஒகேனக்கல்ல தண்ணி எவ்வளவு வருது, பரிசல் ஓடுதா?" கர்நாடகத்தில் கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்துவிடும் தண்ணீரைப் பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். அங்கிருந்து ஒகேனக்கல், அப்புறம் மேட்டூர். வினாடிக்கு இத்தனை கன அடி என்று செய்தியில் வருவது அந்தக் கணக்குதான். ஒரு கன அடி என்பது கிட்டத்தட்ட 28 லிட்டர். கணக்கு கூடிக்கொண்டே போனால் அருவியில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும்.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில் காட்டும் சின்ன வலைத்தளம் ஒன்றை பி.எச்.பி என்ற நிரல்மொழியில் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நீர்வரத்து எண் இருக்கும். பரிசல் ஓடுகிறதா, எத்தனை ஓடுகிறது என்று இருக்கும். பென்னாகரம் வழியாகப் போகும் பேருந்துகளின் நேரம், தங்கும் விடுதிகளின் வாடகை எல்லாம் இருக்கும். நீர்வரத்தை வேறொரு தளத்தில் கேட்டு வாங்குகிறோம். மற்றவை நம் டேட்டாபேஸில் இருக்கின்றன.

யாராவது இந்தப் பக்கத்தைத் திறக்கும்போது என்ன நடக்கிறது? நம் கோடு அந்த வெளித் தளத்தைத் தொடர்புகொண்டு, பதிலுக்குக் காத்திருந்து, டேட்டாபேஸில் நாலைந்து கேள்வி கேட்டு, எல்லாவற்றையும் கோத்துப் பக்கமாக அனுப்புகிறது. இதற்கு இரண்டு வினாடி ஆகிறது என்று வையுங்கள். ஒருவர் திறந்தால் இரண்டு வினாடி பெரிய விஷயமே இல்லை. ஆடிப்பெருக்கு அன்று காலையில் நூறு பேர் ஒரே நிமிடத்தில் திறந்தால், அதே எண்ணுக்காக அந்த வெளித் தளத்தின் கதவை நூறு முறை தட்டுகிறோம். நூறு பேருக்கும் ஒரே பதில்தான் வரப்போகிறது. மாதம் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய, பலரும் ஒரே சர்வரைப் பங்கிட்டுக்கொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங் அதற்குள் மூச்சுத் திணற ஆரம்பித்துவிடும்.

ஒரு முறை கேட்டு வாங்கிய பதிலை எங்காவது வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்துக்கு எல்லோருக்கும் அதையே கொடுப்பதுதான் கேச். "எங்காவது" என்ற இடத்தில் சாதாரண ஃபைல் இருந்தால் அது ஃபைல் கேச்.

வேரியபிளில் வைத்துக்கொண்டால் போதாதா என்று புதிதாக எழுதுபவர்கள் கேட்பார்கள். வழக்கமான பி.எச்.பியில் போதாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிரல் வெறுங்கையோடு தொடங்குகிறது. பக்கத்தை அனுப்பி முடித்ததும் வேரியபிள்கள் எல்லாம் போய்விடும். அடுத்து வருபவருக்கு முந்தையவர் வாங்கிய பதில் தெரியவே தெரியாது. ஒரு கோரிக்கையிலிருந்து அடுத்ததற்கு ஒன்றைக் கைமாற்ற வேண்டுமென்றால் வெளியே எங்காவது எழுதி வைத்தாக வேண்டும். ஹோஸ்டிங் எவ்வளவு மலிவானதாக இருந்தாலும் ஃபைல் எழுத இடம் கொடுக்கும்.

இதற்கு எதற்கு ஒரு லைப்ரரி, அதாவது பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பு?

நியாயமான கேள்வி. பதிலை ஃபைலில் எழுது. அடுத்த முறை அந்த ஃபைல் எழுதி பத்து நிமிடம் ஆகவில்லை என்றால் அதையே படி. ஆகிவிட்டால் புதிதாக வாங்கி எழுது. இதை நாமே பத்து வரியில் எழுதிவிடலாம். எழுதியும் பாருங்கள், நன்றாகப் புரியும். ஓடவும் செய்யும். கூட்டம் வரும்போதுதான் அந்தப் பத்து வரி பல்லிளிக்கும்.

முதல் சிக்கல், பாதி எழுதிய ஃபைல். ஒருவருடைய கோரிக்கை ஃபைலை எழுதிக்கொண்டிருக்கிறது; முழுதாக எழுதி முடிப்பதற்குள் இன்னொருவருடையது அதைப் படிக்கிறது. 18500 என்று இருக்க வேண்டிய இடத்தில் 185 என்று கிடைக்கலாம், அல்லது காலி ஃபைல் கிடைக்கலாம். சின்ன எண்ணுக்கு இப்படி ஆவது அபூர்வம். ஒரு முழுப் பக்கத்தை ஃபைலில் வைக்கும்போது நிச்சயம் ஒரு நாள் நடக்கும், அதுவும் உங்கள் கணினியில் சோதிக்கும்போது நடக்காது. ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவரைக் காக்க வைக்க ஃபைலுக்குப் பூட்டுப் போடலாம், ஆனால் எழுதுபவர் மட்டும் போட்டால் பயனில்லை என்பதையும் கவனியுங்கள். படிப்பவரும் பூட்டைப் பார்த்துவிட்டுப் படித்தால்தான் பூட்டுக்கு அர்த்தம்.

இன்னொன்று ஃபைலின் பெயர். தேடல் பக்கத்தைக் கேச் செய்யும்போது பயனர் தட்டிய சொல்லையே ஃபைல் பெயராக வைத்தால், அவர் சாய்வுக்கோடும் புள்ளிகளும் தட்டி உங்களுக்குத் தெரியாத ஃபோல்டருக்குள் நுழையப் பார்ப்பார். லைப்ரரிகள் பெயரை, எதையும் வெறும் எழுத்தும் எண்ணுமாக்கும் எம்.டி.5 போன்ற ஒன்றால் மாற்றி எழுதுவதால் இந்தத் தொல்லை இல்லை.

பி.எச்.பியில் இந்த வேலைக்கென்றே நெடுநாளாக இருப்பது கேச் லைட். பியர் என்ற பழைய பி.எச்.பி லைப்ரரித் தொகுப்பைச் சேர்ந்தது, பெயருக்கேற்ற எளிமை. மேலே சொன்ன பூட்டு அதில் இயல்பாகவே போடப்பட்டிருக்கும். ஃபைலின் தலையில் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் எழுதி, படிக்கும்போது ஒத்துப்பார்க்கும். ஒத்துவராவிட்டால் "என்னிடம் இல்லை" என்று சொல்லிவிடும். இன்று புதிதாகத் தொடங்குபவர்கள் சிம்ஃபனி என்ற பி.எச்.பி ஃபிரேம்வொர்க்கின் கேச் பகுதியையும் எடுத்துக்கொள்ளலாம், அதிலும் ஃபைல் வகை உண்டு. ஆனால் கற்றுக்கொள்ள எனக்குக் கேச் லைட்தான் பிடிக்கும். சின்னது, ஒரு மாலைப்பொழுதில் அதன் மூல நிரலையே படித்து முடித்துவிடலாம்.

பயன்படுத்தும் முறை எல்லா லைப்ரரியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நிரலின் நடையைத் தமிழிலேயே எழுதிக் காட்டுகிறேன்:

கேச் = புதிய கேச்_லைட்(ஃபோல்டர், ஆயுள்: 600 வினாடி)
வரத்து = கேச்.கெட்("நீர்வரத்து")
வரத்து === ஃபால்ஸ் என்றால்:
    வரத்து = வெளித்_தளத்தில்_கேள்()
    கேச்.சேவ்(வரத்து, "நீர்வரத்து")
வரத்தைக் காட்டு

முதலில் கெட். இருந்தால் அதோடு வேலை முடிந்தது. இல்லாவிட்டால் ஃபால்ஸ், அதாவது பொய், என்று வரும்; அப்போது உண்மையான வேலையைச் செய்து சேவ். ஆயுளைச் சொல்லாமல் விட்டால் கேச் லைட் 3600 வினாடி, அதாவது ஒரு மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளும். சேவ் செய்வது சரமாக, அதாவது ஸ்ட்ரிங்காக இருக்க வேண்டும். வரிசையாக, அதாவது அரேயாக இருந்தால் தானாகவே சீரியலைஸ் செய்யும், அதாவது அதைச் சரமாக மாற்றிவிடும் விருப்பத்தை ஆன் செய்துகொள்ளுங்கள், அது இயல்பில் ஆஃப்.

மூன்றாவது வரியில் சமக்குறி மூன்று இருப்பதைப் பார்த்தீர்களா? அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பல எடுத்துக்காட்டுகளில் "தரவு கிடைத்தால்" என்று மொட்டையாகச் சோதித்திருப்பார்கள். பி.எச்.பிக்கு "0" என்ற சரமும் பொய்தான், ஒன்றுமில்லாத சரமும் பொய்தான். இப்போது நம் பக்கத்தில் "இன்று ஓடும் பரிசல்கள்" என்று ஓர் எண் இருக்கிறது. சாதாரண நாளில் அது ஏதோ ஓர் எண், கேச் ஒழுங்காக வேலை செய்யும். தடை போட்ட நாளில் அது 0. கேச்சில் 0 பத்திரமாக இருக்கிறது. கெட் அதைச் சரியாகத்தான் எடுத்துக் கொடுக்கிறது. நம் கோடு அதைப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று நினைத்து ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸுக்கு ஓடுகிறது. தடை போட்ட நாளில்தான் ஊரே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும். கேச் மிகவும் தேவைப்படும் அன்றைக்கு மட்டும் கேச் இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது, பிழைச் செய்தி எதுவும் வராமலே. ஆகவே ஃபால்ஸா என்று, மதிப்போடு வகையும் ஒன்றா என்று பார்க்கும் மூன்று சமக்குறி போட்டே கேளுங்கள்.

ஆயுள் எவ்வளவு?

இதை எந்த லைப்ரரியும் உங்களுக்காக முடிவு செய்யாது. கேச் போடுவது என்றால் பழைய தகவலைத் தெரிந்தே காட்டச் சம்மதிக்கிறோம் என்று பொருள். எவ்வளவு பழசு வரை பரவாயில்லை என்பதை, அந்தத் தகவலை வைத்து மனிதர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பேருந்து நேரம் எப்போதோ ஒரு முறை மாறும். ஒரு நாள் ஆயுள் கொடுத்தாலும் யாருக்கும் நட்டமில்லை. விடுதி வாடகையும் அப்படித்தான், விடுமுறை நாட்கள் தவிர. நீர்வரத்துக்குப் பத்து நிமிடம் கொடுக்கலாம். மூல எண்ணே நிமிடத்துக்கு நிமிடம் புதுப்பிக்கப்படுவதில்லை என்றால், ஐந்து வினாடி ஆயுள் வைத்து நாம் என்ன சாதிக்கப்போகிறோம்?

பரிசல் தடை வேறு சங்கதி. காலை பத்து மணிக்குத் தடை வருகிறது. நம் பக்கம் பத்தே முக்கால் வரை "பரிசல் ஓடுகிறது" என்று காட்டிக்கொண்டிருந்தால், அதை நம்பி ஒரு குடும்பம் தருமபுரியிலிருந்து கிளம்பி வந்துவிடும். நீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது வெறும் அலைச்சலோடு போகிற விஷயமும் இல்லை. சரி, ஆயுளை முப்பது வினாடியாகக் குறைத்துவிடலாமா? செய்யலாம், ஆனால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. தடை பற்றிய தகவலை உள்ளிடுவது நம் நிர்வாகப் பக்கத்தில்தான். அங்கே ஒருவர் "தடை" என்று தேர்ந்தெடுத்துச் சேமிக்கும் அதே இடத்தில், கேச்சிலிருந்து அந்த ஒரு பதிவை நீக்கும் வரியைச் சேர்த்துவிடுங்கள். கேச் லைட்டில் அதற்கு ரிமூவ். அடுத்து பக்கத்தைத் திறப்பவருக்குப் புதுத் தகவல் போய்விடும். மாறுவது நம் கைவழியாக நடக்கிறது என்றால் நீக்குவதையும் நாமே செய்யலாம். நீர்வரத்து வெளியிலிருந்து வருகிறது, எப்போது மாறும் என்று நமக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்குத்தான் ஆயுள் தேவை.

ஒரே பக்கத்தில் இத்தனை விதமான ஆயுள் இருப்பதால்தான், பக்கம் முழுவதையும் ஒரே துண்டாகக் கேச் செய்யாமல் தகவல்களைத் தனித்தனியாகச் செய்யச் சொல்வேன். முழுப் பக்கத்தையும் பிடித்து வைக்கும் வசதி கேச் லைட்டில் இருக்கிறது, வேகமும் அதிகம். ஆனால் பக்கத்தின் ஆயுள், அதிலேயே மிகக் குறைந்த ஆயுள் உள்ள துண்டின் ஆயுளாக ஆகிவிடும்.

நீர்வரத்து எண்ணோடு, அது எந்த நேரத்து நிலவரம் என்பதையும் சேர்த்தே சேமியுங்கள். "காலை 8 மணி நிலவரப்படி" என்று பக்கத்தில் எழுதும் நேரம் அந்த எண்ணோடு வந்த நேரமாக இருக்க வேண்டும். இப்போதைய நேரத்தை அச்சிட்டுவிட்டுப் பழைய எண்ணைப் பக்கத்தில் போடும் தளங்களை நிறையப் பார்க்கலாம். அது கேச்சின் குற்றம் இல்லை, ஏமாற்றுவேலை.

இன்னொரு நுணுக்கம். கேச் லைட் ஒரு ஃபைல் காலாவதியா என்பதைப் படிக்கும்போது முடிவு செய்கிறது: ஃபைல் கடைசியாக எழுதப்பட்ட நேரத்தைப் பார்த்து, இப்போதைய ஆயுளோடு கணக்குப் போடும். ஆகவே நீங்கள் ஆயுளை ஒரு மணியிலிருந்து பத்து நிமிடமாகக் குறைத்தால் ஏற்கெனவே இருக்கும் ஃபைல்களுக்கும் அந்தக் கணமே பொருந்தும். சிம்ஃபனியோ எழுதும்போதே காலாவதி நேரத்தை ஃபைலுக்குள் குறித்துவிடுகிறது. அங்கே ஆயுளைக் குறைத்தாலும் பழைய ஃபைல்கள் பழைய கணக்குப்படிதான் இருக்கும், ஒரு முறை எல்லாவற்றையும் துடைத்தாக வேண்டும். "ஆயுளை மாத்திட்டேன், ஒண்ணுமே நடக்கல" என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். மீதிப் பேருக்கு, அவர்களுடைய பிரவுசரே பழைய பக்கத்தை வைத்துக்கொண்டிருக்கும். அது வேறு கேச், சர்வரில் எதை நீக்கினாலும் அதற்குத் தெரியாது.

ஆடிப் பதினெட்டு

இப்போது கூட்டத்துக்கு வருவோம். கேச் ஆயுள் பத்து நிமிடம். சரியாக 9.10க்கு அது முடிகிறது. அந்த வினாடியில் நாற்பது பேர் பக்கத்தைத் திறக்கிறார்கள். நாற்பது பேருக்கும் கெட் "இல்லை" என்கிறது. நாற்பது கோரிக்கைகளும் வெளித் தளத்துக்கு ஓடுகின்றன. அங்கே பதில் வர இரண்டு வினாடி ஆகிறது, அதற்குள் இன்னும் எண்பது பேர் வந்துவிடுகிறார்கள், அவர்களுக்கும் கேச் இன்னும் காலி. பத்து நிமிடம் அமைதியாக இருந்த சர்வர் சட்டென்று படுத்துவிடுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இது நடந்தால், கேச் போட்டும் ஏன் தளம் விட்டுவிட்டு நிற்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

நாற்பது பேரில் ஒருவர் மட்டும் புதிதாக வாங்கப் போக வேண்டும், மற்றவர்களுக்குப் பழையதையே கொடுத்து அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு தனிப் பூட்டு வேண்டும். பூட்டு கிடைத்தவர் வாங்கப் போகட்டும், கிடைக்காதவர் காலாவதியான ஃபைலையே படிக்கட்டும். கேச் லைட்டின் கெட்டுக்கு மூன்றாவதாக ஒரு மதிப்பு கொடுக்கலாம். அதை ட்ரூ என்று வைத்தால் ஆயுள் முடிந்ததா என்று பார்க்காமல் இருப்பதை எடுத்துக் கொடுக்கும். சிம்ஃபனியில் இந்த நெரிசல் தடுப்பு உள்ளேயே இருக்கிறது.

இதைவிடச் சுலபமான வழி, பார்வையாளர் எவரையும் வாங்க அனுப்பாமல் இருப்பது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கிரான் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் சர்வர் வசதி) மூலம் ஒரு சின்ன நிரல் ஓடி நீர்வரத்தை வாங்கிக் கேச்சில் எழுதிவிடட்டும். பக்கம் எப்போதும் படிக்க மட்டும் செய்யும். பெரும்பாலான சின்னத் தளங்களுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

ஆனால் கிரான் வைத்ததும் புதிதாக ஒரு வில்லங்கம் கிளம்பும். கிரான் உங்கள் லாகின் பெயரில் ஓடுகிறது. பல சர்வர்களில் வலைப்பக்கம் வேறொரு பயனர் பெயரில் ஓடுகிறது. ஒருவர் உருவாக்கிய ஃபைலை மற்றவரால் மாற்றி எழுத முடியாது. லைப்ரரியும் பல நேரம் சத்தம் போடாமல் தோல்வி என்று மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். சேவ் என்ன பதில் கொடுத்தது என்று பார்த்து, தோல்வி என்றால் லாக்கில் எழுதுங்கள். எண் நாள் முழுக்க அசையாமல் நிற்கிறது என்றால் முதலில் ஃபோல்டரின் அனுமதிகளைத்தான் பார்க்க வேண்டும்.

வெளித் தளமே விழுந்துவிட்டால்? வெள்ளம் வரும் நாளில் அங்கேயும் கூட்டம்தானே. அப்போது கிடைத்த பிழைச் செய்தியையோ வெற்றுப் பதிலையோ பத்து நிமிடத்துக்குக் கேச் செய்துவிடாதீர்கள். வந்தது உண்மையிலேயே ஓர் எண்தானா என்று சோதித்த பிறகே சேவ். சரியில்லை என்றால் கையிலிருக்கும் பழைய எண்ணை அதன் நேரத்தோடு காட்டுங்கள். அதுவும் பல மணி நேரப் பழசாகிவிட்டால் "தகவல் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிடுவதுதான் மரியாதை.

எங்கே வைப்பது, எதை வைக்கக் கூடாது

கேச் லைட் இயல்பாக எழுதுவது டெம்ப், அதாவது சர்வரின் தற்காலிக ஃபோல்டரில். சொந்த சர்வர் என்றால் பரவாயில்லை. ஷேர்டு ஹோஸ்டிங்கில் அந்த ஃபோல்டர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் திறந்திருக்க வாய்ப்பு உண்டு. அவர் உங்கள் ஃபைலைப் படிக்கலாம், மாற்றியும் எழுதலாம். உங்கள் கணக்குக்குள்ளேயே தனி ஃபோல்டர் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் வலையில் தெரியும் ஃபோல்டருக்கு வெளியே. உள்ளே வைத்தால் முகவரி தெரிந்த எவரும் பிரவுசரிலேயே அதைத் திறந்துவிடலாம்.

ஆளுக்கு ஆள் மாறும் தகவலை வைக்கும்போது கைநடுங்கியே வைக்க வேண்டும். விடுதி அறை முன்பதிவு செய்தவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள பக்கத்தை "முன்பதிவு" என்ற ஒரே பெயரில் கேச் செய்தால், அடுத்து வருபவருக்கு முந்தையவரின் விவரம் அப்படியே போகும். அந்தப் பெயரில் பயனர் எண்ணைச் சேர்த்தால் தீர்ந்துவிடும்தான். ஆனால் ஒருவர் மட்டும் ஒரே ஒரு முறை பார்க்கப்போகும் பக்கத்தைக் கேச் செய்வதில் என்ன லாபம்? விட்டுவிடுங்கள்.

பெயரில் தேதியையோ தேடல் சொல்லையோ சேர்க்கும்போது ஃபைல்கள் குவியும். காலாவதியான ஃபைல் தானாக மறைந்துவிடாது. கேச் லைட்டில் தானாகத் துடைக்கும் வசதி உண்டு, அதுவும் இயல்பில் ஆஃப். அதற்கு 200 என்று கொடுத்தால், சராசரியாக 200 முறை எழுதும்போது ஒரு முறை பழையவற்றைப் பெருக்கித் தள்ளும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் மொத்த ஃபைல் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்திருப்பார்கள். இடம் நிறைய மிச்சமிருந்தும் புதிதாக ஒரு படத்தைக்கூட ஏற்ற முடியவில்லை என்றால் கேச் ஃபோல்டரை எட்டிப் பாருங்கள்.

"ஃபைல் மெதுவானது, ரெடிஸ் போடு, மெம்கேச்டு போடு" என்று யாராவது சொல்வார்கள். தரவை மெமரியில் வைத்துக் கொடுக்கும் தனி சர்வீஸ்கள் அவை, இரண்டும் நல்லவைதான். ஆனால் அடிக்கடி படிக்கும் ஃபைலை இயங்குதளம் தானாகவே மெமரியில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் டிஸ்க் வரை போவதில்லை. இரண்டு வினாடி வேலையை ஒரு மில்லிவினாடி அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, அதை இன்னும் பாதியாக்க ஒரு தனி சர்வீஸை நிறுவிக் காவல் காக்க வேண்டுமா என்று யோசியுங்கள். உங்கள் தளம் ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்களில் ஓடத் தொடங்கும்போது கதை மாறும். அப்போது ஒவ்வொரு சர்வரிலும் தனித்தனிக் கேச் ஃபோல்டர் இருக்கும். ஒன்றில் "தடை" என்று பதிந்து அதன் கேச்சை நீக்குவீர்கள், இன்னொன்று "பரிசல் ஓடுகிறது" என்றே காட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தை ஒரு முறை புதுப்பித்தால் தடை, மறுமுறை புதுப்பித்தால் தடையில்லை. அந்த நிலை வந்தால் எல்லா சர்வர்களும் பொதுவாகக் கேட்கும் ரெடிஸுக்கு மாறிக்கொள்ளலாம். கெட், சேவ், ரிமூவ் ஆகியவற்றை நேரடியாக எல்லா இடத்திலும் அழைக்காமல், உங்களுடைய ஒரே ஒரு ஃபைலுக்குள் சுற்றி வைத்திருந்தால் அன்றைக்கு மாற்ற வேண்டியது அந்த ஒரு ஃபைல் மட்டும்தான்.